பெரிய தெருவில் ஏறிய மந்தை

வைகாசி வெயிலில் ஆமையேந்தல் ஓடை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு காலையில், கிழக்கே பனங்காட்டுக்குள்ளிருந்து ஒரு வரிக்குதிரை இறங்கி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதன் பின்னால் ஒரு கூட்டம் வந்தது, பிறகு எண்ண ஆரம்பித்தவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா நின்று பார்க்கும்படியாக, ஓடையின் இரண்டு கரையும் நிறைய, வரிக்குதிரைகளும் தாடி வைத்த காட்டுமாடுகளும் முறுக்குக்கொம்பு மான்களும், கருவேல மரங்களுக்கு மேலே தலை தெரிய ஒட்டகச்சிவிங்கிகளும், முறத்தைவிட அகலமான காதுகளை வீசிக்கொண்டு யானைகளும், நடுநடுவே அவசரமே இல்லாமல் சிங்கங்களும், மேற்கே பார்த்து நடந்துகொண்டே இருந்தன.

முதலில் பார்த்தவள் ராக்கு. கரையில் கருவேல விறகு வெட்டிக்கொண்டிருந்தவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு காலனிக்கு ஓடி வந்து, வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த புருஷன் காத்தமுத்துவிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். கல்குவாரித் தூசியை இருபது வருஷம் நெஞ்சுக்குள் வாங்கிவைத்திருந்த காத்தமுத்து அதிகம் பேசமாட்டான். பேச்சு இருமலில்தான் போய் முடியும்.

"எந்தப் பக்கமா போகுதுக?" என்றான்.

"மேக்க. சுடுகாட்டுப் பக்கமா."

"ஓடைக்குள்ளயா?"

"ஓடைக்குள்ளதான்."

காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பாதையப் பிடிச்சிருச்சுகளா, பாவம்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்புக்கான இருமலை வெகுநேரம் இருமி முடித்தான்.

அவன் சொன்னது சரிதான். ஆமையேந்தலில் காலனி கிழக்கே இருக்கிறது, சுடுகாடு மேற்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தார் போட்ட பெரிய தெரு நூல் பிடித்தது போல நேராகக் கிடக்கிறது. உயிரோடு இருக்கிற காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம், பால் ஊற்றப் போகலாம், களை எடுக்கப் போகலாம், ஓட்டுப் போடக்கூடப் போகலாம். செத்துப்போனால் மட்டும் போக முடியாது. செத்தவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடை வழியாகத்தான் போகவேண்டும், அது எழுதிவைத்த சட்டமில்லை, எழுதிவைத்திருந்தால் யாராவது கிழித்துப் போட்டிருப்பார்கள்.

காத்தமுத்துவின் அப்பன் செத்தது ஒரு ஐப்பசியில். ஓடையில் நெஞ்சளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிய நாலு பேரில் காத்தமுத்துவும் ஒருவன், அன்றைக்கு அவனுக்கு மீசை அரும்பிய வயசு. நடு ஓடையில் அவன் கால் வழுக்கியது. அப்பனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்த பிணத்தை முள்ளோடு சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது, அந்த முள் ஒவ்வொன்றையும் பிடுங்கியதும் காத்தமுத்துதான். அன்றிலிருந்து அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, ராக்குவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான்: "என்னைய ஓடையில எறக்கிறாத. ஒரு தடவை, தார் ரோட்டுல கொண்டு போ." அவளும் அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறாள். செய்துகொடுத்த அன்றைக்கும் அதை எப்படி நிறைவேற்றுவது என்று அவளுக்குத் தெரியாது.

விலங்குகள் நடந்துகொண்டே இருந்தன. ராத்திரியும் பகலும், வைகாசி போய் ஆனி வந்தும் நடந்துகொண்டே இருந்தன, எதையும் தின்னவில்லை, யாரையும் முட்டவில்லை, சிங்கம் ஒன்று கரையில் கட்டியிருந்த வெள்ளாட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிடப் பயந்தவர்கள் போவதைப் போலப் போய்விட்டது. ஊருக்கு இது பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. குளம்புச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று பெண்கள் சொன்னார்கள், புழுதிக்குப் பயந்து துணியை மாடியில் காயப்போட்டார்கள், ஒட்டகச்சிவிங்கி மாடியையும் எட்டிப் பார்க்கிறது என்று மறுபடியும் கீழே காயப்போட்டார்கள். வனத்துறை அதிகாரி ஒருத்தர் வந்து, இவை நம் காட்டு விலங்குகளே இல்லை, ஆகவே நம் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். மாட்டு டாக்டர் ஊசியோடு வந்து, யானையைப் பார்த்துவிட்டு, ஊசியோடு திரும்பினார். ஓடை புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு ஏழு நாளைக்குள் விளக்கம் தரவேண்டும் என்று தாலுகாவிலிருந்து வந்த நோட்டீஸைத் தலையாரி கருவேல மரத்தில் ஒட்டினார், அதை ஒட்டகச்சிவிங்கி ஒன்று பசையோடு சேர்த்துத் தின்றது, இத்தனை நாளில் அவை தின்ற ஒரே பொருள் அதுதான்.

ஆனி பாதியில் வேறு சாதி விலங்குகள் வந்தன. வெட்டவெளி விலங்குகளுக்குப் பின்னால், சூரியன் தரையில் படாத காட்டிலிருந்து கிளம்பியவை: ஆள் உயரக் கருங்குரங்குகள், குட்டியை வயிற்றில் தொங்கவிட்ட மந்திகள், பாதி உடம்புக்கு மட்டும் வரி போட்ட கூச்சக்காரப் பிராணிகள், புள்ளி தெரியாமல் கறுத்த சிறுத்தைகள், தலைக்கு மேலே சிறகு விசிற இருவாச்சிகள். அவை தங்கள் மழையையும் கூடவே கொண்டுவந்திருந்தன. ஊரில் ஒரு சொட்டு இல்லை, ஓடைக்கு மேலே மட்டும் ஓடையின் அகலத்துக்கு அளந்து வைத்த மாதிரி தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆமையேந்தல்காரர்கள் தண்ணீரைக் கண்டால் தெய்வத்தைக் கண்ட மாதிரி. குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரெண்டே நாளில், கரையில் ஊர்க்குடம் எதுவரை, காலனிக்குடம் எதுவரை என்று ஒரு கயிறும் கட்டிவிட்டார்கள், மழை அந்தக் கயிற்றை மதிக்காமல் பெய்தது.

தண்ணீர் வந்ததும் பக்தி வந்தது. காளி கோயில் பூசாரி ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வரிக்குதிரை நெற்றியில் இருப்பது வரி இல்லை, விபூதிப் பட்டை என்றார். சிங்கத்தைப் பற்றி விளக்கமே வேண்டாம், அது அம்மனின் வாகனம். இப்படிச் சாமி சம்பந்தப்பட்ட ஜீவன்கள் எல்லாம், கண்ட பிணமும் போகிற ஓடையில் சேறு மிதித்துக்கொண்டு போவது ஊருக்குப் பாவம் என்றார். ஊர்த்தலைவர் மலைக்கண்ணு அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்.

"நம்மளத் தேடி வந்த லட்சுமிய நாம கொல்லப் பக்கமா அனுப்பிக்கிட்டு இருக்கோம்யா" என்றார். "பெரிய தெருவத் தொறந்துவிடுவோம். ராஜா மாதிரி நடந்து போகட்டும்."

தெருவின் கிழக்கு முனையில் ஓடைக்கரையை வெட்டிச் சரிவு அமைத்தார்கள். சரிவில் வைக்கோல் பரப்பினார்கள், கரும்புக்கட்டு சாய்த்து வைத்தார்கள், வாழைமரம் கட்டினார்கள். தார் சுட்டுவிடக் கூடாது என்று தெரு நெடுகச் செம்மண் கொட்டி, தினமும் காலையில் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இடிக்கும் என்று தெருவுக்குக் குறுக்கே போன மின்சாரக் கம்பிகளைக் கழற்றச் செய்தார்கள். அந்தக் கம்பி வழியாகத்தான் காலனிக்கும் கரண்ட் போகிறது என்பதை யாரும் பேசவில்லை. சிங்கம் வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்வது, பாம்பு கூட வந்தால் என்ன செய்வது என்று ரெண்டு பேர் இழுத்தபோது, மலைக்கண்ணு கற்பூரத்தை அணைத்து மைக்கிலேயே சொன்னார்: "அதுகளோட எது வந்தாலும் சரி, என்ன வந்தாலும் சரி, இந்தத் தெருவுல மறிக்கக் கூடாது. காளி மேல ஆணை." ஊரே கும்பிட்டது. அந்தக் குரல் காலனி வரைக்கும் கேட்டது.

விலங்குகள் சரிவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரும்பு காய்ந்தது, வாழை வாடியது, புதுசாகக் கட்டினார்கள், அதுவும் வாடியது. வரிக்குதிரைகள் செத்தவர்கள் போன வழியிலேயே தலையைக் குனிந்துகொண்டு போயின. தெருவில் மனஸ்தாபம் வளர்ந்தது. நம் தெருவில் இல்லாதது அந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள், கேட்டவர்களுக்கே கோபம் வந்தது.

ஆடி பிறந்ததும், ஒரு நடுமத்தியானம் காத்தமுத்து செத்துப்போனான். ராக்கு கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது இருமல் நின்றிருந்தது. அவள் முதலில் நிம்மதிப்பட்டாள். அந்த ஒரு நொடி நிம்மதியைப் பிற்பாடு நினைத்து நினைத்து அழுதாள்.

கொழுந்தன் சேவுகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்கண்ணுவிடம் போனான். ஓடையில் மிருகம் போவதால் பாடை இறங்க இடமில்லை, இந்த ஒரு தடவை தெரு வழியாக விட்டால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டான்.

"சேவுகா, உனக்குத் தெரியாததா?" என்றார் மலைக்கண்ணு. கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. காத்தமுத்துவின் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். "தெருவே சாமிக்குன்னு நேந்து கெடக்கு. இந்த நேரத்துல பொணம் போகலாமா? மிருகம் இன்னிக்கி நின்னுரும், நாளைக்கி நின்னுரும். நான் ஐஸ் பொட்டி அனுப்புறேன், மாலையும் அனுப்புறேன். பொறுங்கப்பா."

சொன்னபடி ஐஸ் பெட்டி வந்தது, நல்ல பெரிய பெட்டி. செருகக் கரண்ட் இல்லை.

மறுநாள் வெயில் ஏறும்போது வாசலில் ஈ மொய்த்தது. ஊதுபத்தி போதவில்லை. பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்த மகன் அப்பன் முகத்துக்கு விசிறிக்கொண்டே இருந்தான், விசிறியை யாரும் அவன் கையிலிருந்து வாங்க முடியவில்லை. காலனி ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்துவிடலாம் என்று ஒருத்தர், தெருவில் புகுந்துவிடலாம், வருவது வரட்டும் என்று ஒருத்தர். புகுந்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் புகுந்தவர்களின் கூரைகள் எரிந்து இன்னும் மூன்று மழை பார்க்கவில்லை.

ராக்கு எழுந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிந்துகொண்டாள்.

"தூக்குங்க" என்றாள். "ஓடைக்கே போவோம்."

"மதினி, அண்ணன் உங்ககிட்ட..." என்று சேவுகன் ஆரம்பித்தான்.

"தெரியும்யா. சத்தியத்தக் காப்பாத்த எனக்கு வக்கில்ல. அவுக நாறிக் கெடக்கறதப் பாக்கவும் தெம்பில்ல. தூக்குங்க."

காலனித் தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடுவது வழக்கம். ராக்கு நிற்கவில்லை. பாடைக்கு முன்னால் நடந்தாள், யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் கடித்திருப்பாள். கரைக்கு வந்து நின்றபோது ஓடையில் வரிக்குதிரைகளும் கருங்குரங்குகளும் கலந்து போய்க்கொண்டிருந்தன, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அவற்றின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. போக எத்தனை உலகம் இருக்கிறது, அத்தனையும் விட்டுவிட்டு, போக்கிடமில்லாதவனுக்கு இருந்த ஒரே பள்ளத்தில் வந்து நடக்கின்றனவே என்று ஆத்திரம் வந்தது.

"ஏ சீவனுகளா" என்று கத்தினாள். "உங்களுக்குத்தான் அங்க கம்பளம் விரிச்சு வச்சிருக்கான். கரும்பு வச்சிருக்கான். எங்க பாதைய எங்களுக்கு விட்டுட்டுப் போங்களேன்."

அன்றுதான் முதல்முறையாக அவை நின்றன. இரண்டு மாதமாகக் கேட்ட சத்தம் நின்றதும் காலனியில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. ராக்குவுக்கு எதிரே ஒரு பாடை அளவுக்கு இடம் திறந்தது. தூக்கியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள், ராக்குவும் மகனும் இறங்கினார்கள், அந்த இடம் அப்படியே நடக்கத் தொடங்கியது. பக்கத்தில் யானையின் மூச்சு சுட்டது. சேவுகனின் தோளை ஒரு காட்டுமாட்டின் தாடி உரசிக்கொண்டே வந்தது. ராக்கு அழுதுகொண்டே நடந்தாள். கடைசியில் ஓடையில் இறக்கிவிட்டேனே, கடைசியில் இறக்கிவிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வைக்கோல் பரப்பிய சரிவு வந்ததும் முன்னால் போன வரிக்குதிரை வலப்பக்கம் திரும்பி மேலே ஏறியது. அதன் பின்னால் மற்றவையும் ஏறின, பாடையும் ஏறியது, ஏறாமல் நிற்க அதற்கு இடமில்லை.

பெரிய தெருவில் குலவைச் சத்தம் கிளம்பியது. காத்துக் காத்து ஓய்ந்திருந்த ஜனங்கள் ஆரத்தித் தட்டோடும் பூக்கூடையோடும் ஓடி வந்தார்கள், தவில் அடித்தார்கள், வேட்டு வைத்தார்கள், மலைக்கண்ணு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே விழுந்து கும்பிட்டார். வரிக்குதிரைகள் மேல் பூ விழுந்தது, யானைகள் மேல் பூ விழுந்தது, அதே வேகத்தில் காத்தமுத்து மேலும் பூ விழுந்தது. எறிந்த பிறகுதான் எறிந்த கைகளுக்கு விஷயம் தெரிந்தது. குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. தவில் நின்றது. மலைக்கண்ணு எழுந்து, கையை உயர்த்தி, வாயைத் திறந்தார். அவருக்கும் பாடைக்கும் நடுவில் ஒரு சிங்கம் நடந்துகொண்டிருந்தது, அவர் சொன்ன ஆணை காளி மேல் சொன்னது, அதுவும் மைக்கில் சொன்னது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கும்பிட்டார். ராக்கு அதைப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை, பயமாகத்தான் இருந்தது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஆனாலும் காத்தமுத்துவின் தலை தார் ரோட்டின் மேலே ஆடி ஆடிப் போவதை ஒரு அடிகூட விடாமல் பார்த்துக்கொண்டே போனாள்.

சுடுகாட்டு மேட்டில் விலங்குகள் ஏறின, ஏறிய எதுவும் அந்தப் பக்கம் இறங்கவில்லை. காத்தமுத்துவின் குழியில் எல்லோரும் கைமண் போட்டு முடித்தபோது கடைசியாக ஒரு வரிக்குதிரைக் குட்டி ஏறிப் போனது, அதற்குப் பின்னால் ஓடையில் எதுவும் வரவில்லை. தூறலும் நின்றது.

மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் திரும்பினார்கள். யாரும் சொல்லாமலே, யோசிக்காமலே, ஓடைக்குள் இறங்கி நடந்தார்கள். மகன்கூட அவர்களோடு இறங்கினான். ராக்கு மட்டும் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, பெரிய தெருவுக்குள் போனாள்.

தெருவில் ஆள் ஆளுக்குக் குனிந்துகொண்டிருந்தார்கள். சாணி தெளித்த ஈரச் செம்மண்ணில் தடங்கள் பதிந்து கிடந்தன. தெய்வம் நடந்த தடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காப்பாற்றுவது, பிணம் தூக்கியவர்கள் தடத்தைக் கழுவித் தீட்டுக் கழிப்பது என்று பேசி முடிவாகி, சுண்ணாம்பும் வந்துவிட்டது, வாளித் தண்ணீரும் வந்துவிட்டது. பிரிக்கத்தான் முடியவில்லை. யானைத் தடத்துக்குள் மனுஷக் கால் கிடந்தது, மனுஷக் காலின் மேல் குளம்பு கிடந்தது, குதிகால் ஒருத்தனுடையது, விரல் குரங்கினுடையது. மலைக்கண்ணு நடுத்தெருவில் குந்தியிருந்தார், வாளி பக்கத்தில் நிறைந்து நின்றது, ஊற்றினால் எது அழியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ராக்குவைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் வந்து, பிறகு அதுவும் களைத்துப்போனது.

"ராக்கு" என்றார், அவள் ஆயுசில் கேட்டிராத பணிவான குரலில். "இங்க வாத்தா. உங்க ஆளுக தடம் உனக்கு அடையாளம் தெரியுமில்ல? எது எதுன்னு காட்டிட்டுப் போயிரு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

ராக்கு குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது. சேவுகனின் சப்பைக்கால் தெரிந்தது, மகனின் ஷூ போட்டுப் பழகிய மெல்லிய கால் தெரிந்தது, தன்னுடைய வெடித்த குதிகால் தெரிந்தது. அவள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே போனாள், ஜனங்கள் வழிவிட்டு வழிவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். கிழக்கு முனையில் வந்து நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"இம்புட்டுத் தடத்துலயும் அவுக காலு மட்டும் இல்லைங்கய்யா" என்றாள். "மத்தத நீங்களே தேடிக்கங்க."